பாமினி ஃபைலிலிருந்து ஸ்வரங்களை மீட்டெடுத்தது: இதுவரை

எங்கள் பாட்டு டீச்சரிடம் ஒரு பழைய சி.டி. இருந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் அவரிடம் பாட்டு படித்தவர்கள், அவருடைய நோட்டை டிடிபி சென்டரில் கொடுத்து டைப் அடித்து வாங்கி வைத்தது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று கர்நாடக சங்கீதப் பாடங்கள் 43 பக்கம், ஒரே வேர்டு ஃபைல். போன தை மாதம் அதை என் கையில் கொடுத்து, "எல்லாருக்கும் அனுப்பிவிடும்மா, எத்தனை தடவைதான் ஜெராக்ஸ் எடுக்கிறது" என்றார். பத்து நிமிஷ வேலை என்று நினைத்துத்தான் வாங்கி வந்தேன்.

அன்று ராத்திரியே எங்கள் பாட்டு வகுப்புக் குழுவில் போட்டேன். முதல் பதில் கோவையில் இருக்கும் அக்காவிடமிருந்து, ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடு வந்தது: "எனக்குத் தமிழே வரலையே." சரளி வரிசையின் முதல் வரியைப் பார்த்தேன். ஸ இருக்க வேண்டிய இடத்தில் மூடுகிற சதுர அடைப்புக்குறி. ரி இருந்த இடத்தில் எச், பி என்று இரண்டு ஆங்கில எழுத்து. க-வுக்கு எஃப், ம-வுக்கு கே, ப-வுக்கு ஜி, த-வுக்கு ஜே, நி-க்கு ஈ, பி. தாளத்தைப் பிரிக்கும் கோடுகள் மட்டும் ஒழுங்காக நின்றன.

ஃபைல் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டது. யூனிகோடு (ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொது முறை) பரவுவதற்கு முந்தைய ஃபாண்டுகளின் ஏற்பாடே அதுதான். ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. பாமினி அந்த எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தை மாட்டிக் காட்டும். பாமினி இல்லாத இடத்தில் உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரியும். கெட்டுப்போனது எதுவும் இல்லை, அந்த ஃபைல் முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தது.

மேற்கத்திய இசைக்காரர்களுக்கும் இதே தொல்லை உண்டு என்று வயலின் படிக்கும் தம்பி ஒருவன் சொன்னான். சொனாட்டா, மேஸ்ட்ரோ போன்ற பழைய இசை ஃபாண்டுகளும் இதே வழிதான். அந்த ஃபாண்ட் இல்லாவிட்டால் ட்ரெபிள் கிளெஃப் இருக்க வேண்டிய இடத்தில் 'அண்ட்' குறி வரும், கறுப்பு நோட்டுத் தலைக்குப் பதிலாக ஓ-வும் ஈ-யும் ஒட்டிக்கொண்ட எழுத்து வரும். அவர்களுக்காக 2013-ல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் ஸ்மஃபிள் என்ற பொது ஏற்பாட்டை வெளியிட்டது. எந்தக் குறிக்கு எந்த எண் என்பது அதில் முடிவாகிவிட்டது. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக மியூசிக்எக்ஸ்எம்எல் இருக்கிறது. நம் ஸ்வரக் குறிப்புக்கு அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்று என் கண்ணில் படவில்லை. ஆகவே நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

முதல் வாரம்: ஃபாண்டையும் சேர்த்து அனுப்பியது

பாமினி ஃபைலையும் கூடவே அனுப்பி, இன்ஸ்டால் செய்துகொள்ளச் சொன்னேன். கணினி வைத்திருந்த இரண்டு பேருக்கு வேலை செய்தது. மற்ற பதினோரு பேரும் போனில்தான் பார்க்கிறார்கள். போனில் ஃபாண்ட் ஏற்றச் சொல்லி அறுபது வயதுக்காரரை நான் படுத்தக் கூடாது என்று அந்த வழியை விட்டுவிட்டேன்.

இரண்டாம் வாரம்: பிடிஎஃப்

என் கணினியில் பாமினியை ஏற்றி, அங்கிருந்தே பிடிஎஃப் ஆக்கினேன். ஃபாண்ட் பிடிஎஃப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். பிடிஎஃப்பைத் திறந்து ஆவணப் பண்புகளில் எழுத்துருக்கள் பகுதியைப் பார்த்தால் ஒவ்வொரு ஃபாண்ட் பெயருக்குப் பக்கத்திலும் உட்பொதிந்தது என்று போட்டிருக்கும். ஒன்றுக்கு அப்படிப் போடவில்லை என்றால் அந்த ஒன்று யாராவது ஒருவரிடம் காலை வாரும். பிடிஎஃப்/ஏ என்று ஒரு வகை இருக்கிறது, 2005-ல் ஐஎஸ்ஓ தரமானது. அதில் சேமித்தால் எல்லா ஃபாண்டும் உள்ளே இருந்தே ஆக வேண்டும். ஏற்றுமதி செய்யும்போது அந்த ஒரு பெட்டியில் டிக் போட்டேன், எல்லாப் போனிலும் ஸ்வரம் ஸ்வரமாகத் தெரிந்தது. குழுவில் எல்லாருக்கும் சந்தோஷம்.

வெறும் பார்வைக்கு என்றால் அதோடு முடித்திருப்பேன். ஆனால் நான்காம் நாளே டீச்சர் ஒரு வர்ணத்தின் சிட்டைஸ்வரத்தில் (அதில் ஸ்வரமாகவே பாடும் ஒரு பகுதி) இரண்டு இடம் தப்பு என்றார். பிடிஎஃப்பில் திருத்த முடியாது. அந்த வரியை மட்டும் எடுத்துச் செய்தியில் ஒட்டலாம் என்று காப்பி செய்தால் மறுபடியும் அடைப்புக்குறி, எச், பி. தேடினாலும் கிடைக்காது. பார்க்க மட்டும் தமிழ், உள்ளே பழைய ஆங்கில எழுத்தேதான். எழுத்து மாறாமல் ஃபாண்டை மட்டும் சுமந்துகொண்டு போவது பாதி வேலை என்று அப்போதுதான் புரிந்தது.

பிப்ரவரி முழுக்க: யூனிகோடுக்கு மாற்றியது

பாமினியை யூனிகோடாக்கும் மாற்றிகள் நிறைய இருக்கின்றன. ஒன்றில் முழு ஃபைலையும் ஒட்டினேன். சாகித்யம், அதாவது பாட்டின் வார்த்தைகள், நன்றாகவே வந்தது. ஸ்வர வரிகள்தான் சிதறிப்போயின. சரளி வரிசையில் பஞ்சமத்தில் (ப) நிற்கும் வரி ஒன்று உண்டு:

ஸ ரி க ம | ப , | ஸ ரி ||

இது இப்படி வந்தது:

ஸ ாி க ம | ப இ | ஸ ாி ||

இதில் இரண்டு தனித்தனிக் கோளாறு. முதலில் ரி. பாமினியில் ரி என்று அடிக்க இரண்டு வழி: ர-வோடு கொக்கியைச் சேர்க்கலாம், அல்லது கால் குறியோடு கொக்கியைச் சேர்க்கலாம். இரண்டாவதுதான் பார்க்க அழகாக இருக்கும், அதனால் டைப் அடித்தவர்கள் அதையே அடித்திருக்கிறார்கள். மாற்றி அந்தக் காலை உண்மையிலேயே கால் என்று எடுத்துக்கொண்டது. வார்த்தை நடுவில் இருந்தால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இணையத்தில் எத்தனையோ கட்டுரைகளில் இன்னும் அப்படியே கிடக்கிறது. ஸ்வர வரியில் ரி தனியாக நிற்கிறது. முன்னால் ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லாததால் கால் குறி ஒரு புள்ளி வட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது. தமிழில் காலும் கொக்கியும் அடுத்தடுத்து வரவே வராது, ஆகவே மொத்தமாக மாற்றுவதில் ஆபத்தில்லை. ஒரே தட்டில் எல்லாம் ரி ஆயின.

கார்வைதான், அதாவது ஸ்வரத்தை நீட்டிப் பாடச் சொல்லும் குறிதான், கஷ்டம். நாம் கால்புள்ளி போட்டால் ஒரு மாத்திரை, அரைப்புள்ளி போட்டால் இரண்டு. பாமினியில் கால்புள்ளி விசை இ, அரைப்புள்ளி விசை மெய்யெழுத்தின் புள்ளி! டைப் அடித்தவர் கார்வை வந்த இடத்திலெல்லாம் ஆங்கில ஃபாண்டுக்கு மாறி அடித்திருக்கிறார், வேர்டில் சரியாகத்தான் தெரிகிறது. மாற்றியில் ஒட்டும்போது எந்த எழுத்து எந்த ஃபாண்டில் இருந்தது என்ற தகவல் போய்விடுகிறது. அப்புறம் எல்லாக் கால்புள்ளியும் இ. 'ப;' என்று நீண்டு நிற்க வேண்டிய பஞ்சமம் 'ப்' என்று வெட்டுப்பட்டுவிட்டது. நீட்டச் சொன்ன குறி ஒலியையே நறுக்கும் குறியாகிவிட்டதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது. இதை யாராவது புதிதாகப் படிக்கிற பிள்ளை அப்படியே பாடிவிட்டால்?

சரி, மாற்றுவதற்கு முன்னாலேயே கார்வைகளைப் பத்திரப்படுத்த வேண்டும். லிப்ரெஆபிஸில் தேடி மாற்றும் இடத்தில் ஃபாண்டையும் சேர்த்துச் சொல்லித் தேடலாம். ஆங்கில ஃபாண்டில் இருக்கும் கால்புள்ளியை மட்டும் தேடி 7771 என்றும், அரைப்புள்ளியை 7772 என்றும் மாற்றினேன். எண்களைப் பாமினி தொடாது. அப்புறம் மாற்றியில் போட்டு, வெளியே வந்ததும் எண்களைத் திரும்பக் கார்வையாக்கினேன். முதல் தடவையே தாளக் கணக்கு சரியாக வந்தது. ஆதி தாளத்துக்கு ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு சுற்று) எட்டு எண்ணிப் பார்த்தேன், ஒவ்வொரு வரியாக, விரல் போட்டே.

இன்னொன்றும் அகப்பட்டது. சாகித்யத்தில் க, ட, த, ப எழுத்துகளின் வடமொழி ஒலியைக் காட்டத் தலைக்குமேல் 2, 3, 4 போடுவோம். ஸ்வரத்தில் ரி, க, ம, த, நி-க்குக் கீழே எண் போட்டு எந்த ஸ்தானம் (அந்த ஸ்வரத்தின் எந்த வகை) என்று காட்டுவோம். ஃபைலில் இரண்டுமே வெறும் அலங்காரமாகத்தான் ஏற்றி இறக்கப்பட்டிருந்தன. எழுத்தை மட்டும் எடுத்தால் எல்லாம் க3 என்று ஒரே மட்டத்தில் வந்து நின்றன. சாகித்யத்தில் அது மெல்லிய க, ஸ்வரத்தில் அந்தர காந்தாரம். யூனிகோடில் மேலெண்ணுக்கும் கீழெண்ணுக்கும் தனித்தனி எழுத்தே இருக்கிறது: க³, க₃. அவற்றைப் போட்ட பிறகு எங்கே ஒட்டினாலும் இடம் மாறவில்லை.

மார்ச்: ஸ்தாயிப் புள்ளி

இங்கேதான் அதிக நாள் நின்றேன். ஸ்தாயி என்பது ஸ்வரம் ஒலிக்கும் உயரம். மேல் ஸ்தாயி என்றால் ஸ்வரத்தின் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயி என்றால் காலடியில் புள்ளி. தெலுங்குக்காரர்களுக்கு இல்லாத ஒரு சங்கடம் தமிழில் உண்டு. தலையில் புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்து. மேல் ஸட்ஜத்தை 'ஸ்' என்று அடித்திருந்தார்கள். கண்ணுக்கு சரி, கணினிக்கு அது வெறும் ஸ்.

இரண்டு எழுத்தையும் பிரிக்க, யூனிகோடில் 0307 என்ற எண்ணில் உள்ள தனி மேல்புள்ளியையும் 0323-ல் உள்ள கீழ்ப்புள்ளியையும் போட்டுப் பார்த்தேன். என் கணினியில் இருந்த நான்கு தமிழ் ஃபாண்டுகளில் ஒன்றில்தான் புள்ளி நடுவில் உட்கார்ந்தது. மற்றவற்றில் பக்கத்து எழுத்தின்மேல் சரிந்தது. அக்காவின் போனில் நி-யின் கீழ்ப்புள்ளி அடுத்து வந்த த-வின் காலடிக்குப் போய்விட்டது. ஒரு புள்ளி நகர்ந்தால் ஒரு ஸ்தாயியே மாறிவிடுகிறது. 1904-ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற நூல் கமகக் குறிகளோடு (ஸ்வரத்தை அசைத்துப் பாடும் விதத்தைக் காட்டுபவை) அச்சாகி வந்தது. காகிதத்தில் விழுந்த குறி நூறு வருஷமானாலும் விழுந்த இடத்தில் இருக்கும். திரையில் அந்த உறுதியை நாம்தான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடைசியில் புள்ளியைத் தலையிலிருந்து இறக்கிவிட்டேன். மேல் ஸ்தாயிக்கு ஸ்வரத்துக்குப் பின்னால் ஒற்றை மேற்கோள் குறி, கீழ் ஸ்தாயிக்கு ஸ்வரத்துக்கு முன்னால் முற்றுப்புள்ளி:

ஸ ரி க ம | ப த | நி ஸ' ||

கீழே போனால் ஸ .நி .த .நி | ஸ என்று வரும். அழகு கொஞ்சம் குறைவுதான். ஆனால் எந்தப் போனிலும், எந்த ஃபாண்டிலும், செய்திக்குள் ஒட்டினாலும் குறி தன் ஸ்வரத்தை விட்டு நகரவில்லை.

இரண்டாம் காலத்துக்கு (இரட்டை வேகத்துக்கு) நோட்டில் கோடு போடுவோம். ஆங்கில எழுத்தில் ஸ்வரம் எழுதுகிறவர்கள் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று சமாளிக்கிறார்கள், நமக்கு அந்த வசதி இல்லை. இரண்டு பக்கமும் அடிக்கோட்டுக் குறி போட்டுப் பார்த்தேன். நாங்கள் பயன்படுத்தும் செய்திச் செயலி அதைச் சாய்வெழுத்துக்கான கட்டளை என்று எடுத்துக்கொண்டு குறியை விழுங்கிவிட்டது. நட்சத்திரக் குறியும் அங்கே அப்படித்தான், எழுத்தைத் தடிப்பாக்கிவிட்டு மறைந்துவிடும். சாதாரண வளைவு அடைப்புக்குறிக்கு மாறினேன்: (ஸரிகம). தொந்தரவில்லை.

டீச்சர் வீட்டில் மூன்று ஞாயிறு

ஃபைலில் கீழ் ஸ்தாயிப் புள்ளி ஒன்றுகூட இல்லை என்பது பாதி வேலைக்குப் பிறகுதான் தெரிந்தது. டைப் அடித்தவரால் பாமினியில் காலடியில் புள்ளி வைக்க முடிந்திருக்காது. டீச்சர் பிரிண்ட் எடுத்து, பச்சை மையால் கையாலேயே வைத்திருக்கிறார். நாங்கள் வைத்திருப்பது அந்தப் பிரதியின் ஜெராக்ஸ், அதற்கும் ஜெராக்ஸ். கறுப்பு வெள்ளையில் எது புள்ளி, எது கண்ணாடியில் இருந்த தூசி என்று தெரியவில்லை. ஒரு கீதத்தில் நான் மூன்று வருஷமாகக் கீழே பாடிக்கொண்டிருந்த ஒரு தைவதம் தூசி.

ஆகவே நேரில் போனேன். டீச்சர் ஊஞ்சலில் உட்கார்ந்து வரி வரியாகப் பாட, நான் மடிக்கணினியில் அந்த வரியில் புள்ளி வைத்தேன். சந்தேகம் வந்தால் நான் கேட்பதற்கு முன்பே அவர் இரண்டாம் தடவை பாடினார். ஓரிடத்தில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த நி-க்கு முன்னால புள்ளி இருக்கே, இது நான் வெச்ச மாதிரியே அர்த்தமா?" என்று கேட்டார். ஆமாம் டீச்சர் என்றேன். "அப்ப சரி, எழுதிக்கோ" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

இப்போதைய நிலை

மூலம் என்பது ஒரு வெறும் உரைக் கோப்பு, யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில். அதில் ஃபாண்டே கிடையாது. திருத்தமெல்லாம் அதில்தான். தானாக மேற்கோள் குறியை வளைக்கும் வசதியை அணைத்து வைத்திருக்கிறேன், இல்லையென்றால் பாதி மேல் ஸ்தாயி ஒரு குறியாகவும் பாதி இன்னொன்றாகவும் ஆகிவிடுகிறது. பாட உட்காரும்போது பார்க்க, அதிலிருந்தே ஒரு பிடிஎஃப். அதை உண்டாக்கும்போது மட்டும் குறிகளை 0307, 0323 புள்ளிகளாக மாற்றி, அந்த ஒரு நல்ல ஃபாண்டில் போடுகிறேன். பிடிஎஃப்புக்குள் ஃபாண்ட் உட்கார்ந்துவிடுவதால் தலைப்புள்ளி தலையிலேயே இருக்கிறது. வயதானவர்களுக்கு நோட்டில் பார்த்துப் பழகிய முகம் அது, அதை அவர்களிடமிருந்து பிடுங்க எனக்கு மனசில்லை.

43 பக்கத்தில் 29 முடிந்திருக்கிறது. வர்ணங்கள் பாக்கி. அவற்றில் டீச்சர் பென்சிலால் எழுதிய கமகக் குறிப்புகள் ஓரத்தில் இருக்கின்றன, அவற்றை எப்படி எழுதுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நேற்று அக்கா ஒரு கீதத்தின் மூன்றாம் வரியைக் காப்பி செய்து, ஒரு கார்வையைத் திருத்தி, குழுவிலேயே திருப்பி அனுப்பினார். அதை எடுத்து மூலக் கோப்பில் ஒட்டினேன். எட்டு எண்ணிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.