'அரசன்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ரோமைப் படித்த கதை

பி.ஏ. வரலாற்றில் பண்டைய ரோம் இடம்பெற்ற தாளில் முதல் முறை எனக்குக் கிடைத்தது 75-க்கு 22. தேர்ச்சிக்கு 30 வேண்டும். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிவிட்டு இரவு ஒன்பது மணிக்கு மேல் படித்த படிப்பு அது. எங்கே தவறினேன் என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை. பணம் கட்டி விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்தேன். பத்து மதிப்பெண் கேள்வி ரோமக் குடியரசின் ஆட்சி முறை பற்றியது. நானோ அகஸ்டஸ், டைபீரியஸ், காலிகுலா, கிளாடியஸ், நீரோ என்று ஐந்து பேரரசர்களின் வரலாற்றை மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தேன். ஆண்டு ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் அந்த ஐவரும் குடியரசு முடிந்த பிறகு வந்தவர்கள். மதிப்பெண் 1.

அரியரை எழுதி முடிக்க ஆறு மாத அவகாசம் இருந்தது. அந்த ஆறு மாதத்தில் படித்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்போது இதே பாடத்தோடு மல்லுக்கட்டும் யாருக்காவது உதவும்.

நாம் பெரும்பாலும் கைடு வைத்துப் படிக்கிறோம். கைடில் கான்சல், பிரீட்டர், சென்சார், குவெஸ்டர், ஈடைல், டிரிபியூன் என்று பதவிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. படிக்கும்போது புரிந்த மாதிரி இருக்கும், மறுநாள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். அந்தப் பதவிகள் எதற்காக உண்டாயின என்று தெரியாமல் மனப்பாடம் செய்ததுதான் காரணம் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத் தெரிந்தது. ரோமானியர்களுக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மறுபடியும் ஓர் அரசன் வந்துவிடுவானோ என்ற பயம். அவர்கள் மரபுப்படி கடைசி அரசன் டார்க்வினியஸ் கி.மு. 509-இல் விரட்டப்பட்டான். அதன்பின் ஐந்நூறு ஆண்டுகளுக்கு அரசன் என்பது அங்கே வசைச்சொல். இந்த ஒரு சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பதவியையும் திரும்பப் பாருங்கள்.

அரசனிடம் இருந்த அதிகாரம் யாரிடமாவது போய்ச் சேர வேண்டும். ஒருவரிடம் கொடுத்தால் அவரே அரசனாகிவிடுவார். அதனால் கான்சல்கள் இரண்டு பேர். ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். பதவிக்காலம் ஓராண்டு மட்டுமே. கான்சலுக்கு முன்னால் பன்னிரண்டு ஏவலர்கள் கம்புக்கட்டு ஏந்திப் போவார்கள். நகர எல்லைக்கு வெளியே அந்தக் கட்டுக்குள் கோடரி செருகியிருக்கும். ரோம் நகருக்குள் நுழையும்போது கோடரியை எடுத்துவிட வேண்டும். குடிமகனின் தலையை வெட்டும் அதிகாரம் நகருக்குள் இல்லை என்பதற்கு அடையாளம் அது. பேராபத்து வந்தால் முழு அதிகாரத்தோடு சர்வாதிகாரி ஒருவரை நியமிப்பார்கள், அதுவும் ஆறு மாதத்துக்கு மேல் இல்லை. இத்தனை கட்டுப்பாடும் அந்த ஒரே பயத்தால் வந்தவை. இப்படிப் படித்த பிறகு ஒரு பதவியின் காலவரம்பைக்கூட நான் மறக்கவில்லை.

மேற்குடியில் பிறக்காத பொதுக் குடிமக்களான பிளெபியர்களுக்கு வேறொரு பயம் இருந்தது. கடன் கட்ட முடியாதவன் கடன் கொடுத்தவனிடமே அடிமைபோல உழைக்க வேண்டிய நிலை. மரபுப்படி கி.மு. 494-இல் அவர்கள் படைக்குப் போக மறுத்து நகரைவிட்டு ஒரு குன்றுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அப்போது கிடைத்ததுதான் டிரிபியூன் பதவி. அவர்மேல் யாரும் கை வைக்கக் கூடாது. 'வீட்டோ' என்றால் 'நான் தடுக்கிறேன்' என்று பொருள். அந்த ஒரு சொல்லால் கான்சலின் ஆணையையே நிறுத்தலாம். டிரிபியூனின் வீட்டுக் கதவு இரவிலும் திறந்திருக்க வேண்டும் என்ற வழக்கத்தைப் படித்த அன்று, இந்தப் பதவி எதற்கு என்று எவரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இதற்குப் பின் வரும் ஆண்டுகளை ஒரே மூச்சில் படித்துவிடலாம்: 451–450-இல் பன்னிரு பலகைச் சட்டம், 367-இல் கான்சல்களில் ஒருவர் பிளெபியராகலாம் என்ற சட்டம், 326-இல் கடனுக்காக ஆளைப் பிணைப்பது ஒழிப்பு, 287-இல் பிளெபியர் அவையின் முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்ற ஹார்டென்சியச் சட்டம்.

இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது, நான் விழுந்தேன். 'பாட்ரீசியர் என்றால் பணக்காரர், பிளெபியர் என்றால் ஏழை' என்று எழுதாதீர்கள். பாட்ரீசியர் பழைய மேற்குடிகளில் பிறந்தவர்கள், மற்றக் குடிமக்கள் எல்லோரும் பிளெபியர்; அது பிறப்பால் வந்த பிரிவு. கொள்ளை கொள்ளையாகச் சொத்து சேர்த்த கிராசஸ் பிளெபியர். தளபதி பாம்பேயும் பிளெபியர். பேச்சாளர் சிசரோவும் பிளெபியர். பாட்ரீசியக் குடும்பத்தில் பிறந்த தளபதி சுல்லாவோ இளமையில் பண வசதி இல்லாமல் வாடகை வீட்டில் இருந்தவர். குளோடியஸ் என்ற பாட்ரீசியருக்கு டிரிபியூன் ஆக ஆசை; பிளெபியராக இல்லாமல் ஆக முடியாது. கி.மு. 59-இல் தன்னைவிட வயதில் சிறிய ஒரு பிளெபியருக்கு அவர் தத்துப் போனார், அடுத்த ஆண்டே டிரிபியூன் ஆனார், சிசரோவை நாடு கடத்தவும் செய்தார். இந்த ஒரு சம்பவத்தை எழுதினால் டிரிபியூன் பதவியின் தகுதி, தத்து முறை, குடியரசின் கடைசிக்கால அரசியல் மூன்றும் ஒரே பத்தியில் வந்துவிடும். இப்படி ஒரு நிகழ்ச்சி பல கேள்விக்கு உதவுமா என்று பார்த்துத்தான் நான் குறிப்பு எடுத்தேன்.

ஆட்சி முறைக் கேள்விக்கு நான் அதிக நேரம் செலவிட்டது வாக்களிப்பில். மற்றவர்கள் விட்டுவிடும் இடமும் அதுதான். கான்சல்களைத் தேர்ந்தெடுத்த நூற்றுவர் பேரவையில் தலைக்கு ஒரு வாக்கு கிடையாது. குழுவுக்கு ஒரு வாக்கு. மொத்தம் 193 குழுக்கள். நோட்டில் நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள். குதிரைப்படையினர் 18, சொத்து மிகுந்த முதல் வகுப்பு 80, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வகுப்புகளுக்குத் தலா 20, ஐந்தாவதுக்கு 30, கைவினைஞரும் இசைக்கருவி வாசிப்போரும் 4, சொத்தே இல்லாத அத்தனை பேருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. பெரும்பான்மைக்கு 97 வேண்டும். 18-ஐயும் 80-ஐயும் கூட்டினால் 98. மேல்தட்டு ஒன்றுபட்டு நின்றால் முடிவு அங்கேயே தீர்ந்துவிடும், மீதிப் பேரை அழைக்கவே மாட்டார்கள். பிற்பாடு கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் முதல் வகுப்பை 70 ஆகக் குறைத்தார்கள். அப்போதும் இரண்டாம் வகுப்பின் ஒரு பகுதி சேர்ந்தால் போதும். கணக்கு எழுதும் வேலையில் இருந்ததாலோ என்னவோ, இந்தக் கூட்டலைப் போட்ட இரவில்தான் ரோம் எனக்கு முதல் முறையாகப் புரிந்தது. 'ரோம் ஜனநாயக நாடா?' என்று கேட்டால் இந்த எண்களை வைத்தே பதில் எழுதலாம். கி.மு. 167-இல் பணயக் கைதியாக ரோமுக்கு வந்த கிரேக்கர் பாலிபியஸ், கான்சலிடம் முடியாட்சியும் செனட் என்ற மூத்தோர் அவையில் மேலோர் ஆட்சியும் பேரவையில் மக்களாட்சியும் கலந்திருப்பதாகச் சொன்னார். அதை எழுதிவிட்டுக் கீழே 193 கணக்கைப் போட்டு, மக்களாட்சிப் பங்கு எவ்வளவு மெல்லியது என்று காட்டுங்கள்.

சமூகம் பற்றிய பகுதியை ஏதென்ஸோடு ஒப்பிட்டுப் படியுங்கள். ஏதென்ஸில் விடுதலை பெற்ற அடிமை அந்நியனாகவே இருப்பான். ரோமில் ஒரு குடிமகன் தன் அடிமையை முறைப்படி விடுவித்தால் அந்த அடிமையும் குடிமகன். பதவிக்குப் போட்டியிட முடியாது, வாக்கு உண்டு. அதையும் 35 தொகுதிகளில் நகரத்துக்குரிய நான்கில் அடைத்து வைத்தார்கள். அவனுக்குப் பிறக்கும் மகனுக்கு அந்தத் தடைகள் இல்லை. கவிஞர் ஹொரேஸின் தந்தை அப்படி விடுதலை பெற்றவர். இதைப் படித்து ரோமானியர் இரக்கமுள்ளவர்கள் என்று எழுதிவிடாதீர்கள். கி.மு. 73-இல் கிளம்பிய ஸ்பார்டகஸ் கிளர்ச்சி 71-இல் முறியடிக்கப்பட்டபோது, கப்புவாவிலிருந்து ரோம் வரை அப்பியன் நெடுஞ்சாலை ஓரமாக ஆறாயிரம் பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். இந்தப் பத்தியை நான் ஒவ்வொரு முறையும் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைப்பேன். இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள்.

பெண்களின் நிலைக்கு ஒரே உதாரணம் போதும். ஆணுக்கு மூன்று பெயர். பெண்ணுக்குக் குலப்பெயரின் பெண்பால் மட்டும். ஜூலியஸ் குலத்துப் பெண் ஜூலியா. சீசருக்கு இரண்டு சகோதரிகள், இருவர் பெயரும் ஜூலியா. குடும்பத் தலைவனின் அதிகாரம், புரவலர் வீட்டு வாசலில் விடிகாலையில் சார்ந்தோர் வந்து நிற்கும் வழக்கம் ஆகியவை கைடிலேயே போதுமான அளவு இருக்கின்றன.

குடியரசின் வீழ்ச்சிக்கு மறுபடி நம் சொல்லுக்கே வாருங்கள். கி.மு. 133-இல் டிரிபியூன் டைபீரியஸ் கிராக்கஸ் பொது நிலத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய அளவை 500 யூகெரா என்று நிறுத்தி, மீதியை நிலமற்றோருக்குப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தார். நம் கணக்கில் சுமார் 310 ஏக்கர். சக டிரிபியூன் ஆக்டேவியஸ் தடுத்தார். கிராக்கஸ் மக்கள் வாக்கால் அவரையே நீக்கினார். கலவர நாளில், தன் உயிருக்கு ஆபத்து என்பதைத் தொலைவில் இருந்தவர்களுக்குக் காட்டக் கிராக்கஸ் தலையைத் தொட்டுக் காட்டியதாகவும், அவர் மணிமுடி கேட்கிறார் என்று எதிரிகள் செனட்டுக்கு ஓடியதாகவும் கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதுகிறார். அன்றே அவரும் முந்நூறுக்கும் மேற்பட்டோரும் அடித்துக் கொல்லப்பட்டு டைபர் ஆற்றில் வீசப்பட்டார்கள். நிலம் கேட்டவரைக் கொல்லவும் 'அரசனாகப் பார்க்கிறான்' என்ற குற்றச்சாட்டுதான் பயன்பட்டது. இதைத் தேர்வில் எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது.

தளபதி மேரியஸ் கி.மு. 107-இல் சொத்தில்லாதவர்களையும் படையில் சேர்த்தார். அவர்களுக்கு ஓய்வுக்காலத்தில் நிலம் வாங்கித் தரவேண்டியவர் தளபதிதான். ஆகவே படை நாட்டைவிடத் தளபதியைப் பார்த்தது. 88-இல் சுல்லா அப்படிப்பட்ட ஒரு படையோடு ரோமுக்குள்ளேயே நுழைந்தார். 49-இல் சீசர் படையோடு இத்தாலியின் எல்லையான ரூபிகான் ஆற்றைத் தாண்டினார். 44 பிப்ரவரியில் லூபர்காலியா விழாவில் சீசரின் ஆதரவாளர் ஆன்டனி மணிமுடியை நீட்ட, சீசர் மறுத்தார். ஒரு மாதத்தில், மார்ச் 15 அன்று கொல்லப்பட்டார். கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ், 509-இல் அரசனை விரட்டிய புரூட்டஸின் வழிவந்தவர் என்று சொல்லிக்கொண்டவர்.

கி.மு. ஆண்டுகளில் கவனமாக இருங்கள். எண் இறங்கிக்கொண்டே வரும். நான் சுவரில் ஒரு கோடு போட்டு 509-இல் தொடங்கி ஆண்டுகளை ஒட்டி வைத்தேன். பூஜ்ய ஆண்டு கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது: கி.மு. 27 ஜனவரியிலிருந்து கி.பி. 14 வரை அகஸ்டஸ் இருந்தது நாற்பது ஆண்டு சொச்சம், நாற்பத்தொன்று இல்லை.

நேரப் பங்கீடும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தாளில் பத்து இரண்டு மதிப்பெண், ஐந்து ஐந்து மதிப்பெண், மூன்று பத்து மதிப்பெண் கேள்விகள். நான் பத்து மதிப்பெண் கேள்விக்குத் தலா அரை மணி, ஐந்துக்குப் பத்து நிமிடம், இரண்டுக்கு மூன்று நிமிடம் என்று வீட்டில் கடிகாரம் வைத்து எழுதிப் பழகினேன். பத்து நிமிடம் கையில் நிற்கும். கேள்வியில் 'குடியரசு' என்று இருக்கிறதா 'பேரரசு' என்று இருக்கிறதா என்பதைப் பென்சிலால் அடிக்கோடிட்ட பிறகே பேனாவை எடுங்கள்.

இரண்டாவது முறை கடைசிக் கேள்வி, 'அகஸ்டஸ் குடியரசை மீட்டாரா, முடித்தாரா?' என்பது. தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு சென்னைக்குப் போக வேண்டி வந்தபோது எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோம நாணயங்களைப் பார்த்திருந்தேன். அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள் நம் கோவை வட்டாரத்தில் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. அகஸ்டஸின் காசு ஒன்றில் அவர் தலையைச் சுற்றி இருக்கும் எழுத்துக்களை முன்பே படித்து வைத்திருந்தேன்: 'சீசர் அகஸ்டஸ், தெய்வமானவரின் மகன், நாட்டின் தந்தை'. விடையை அந்தக் காசிலிருந்தே தொடங்கினேன். அவர் கி.மு. 22-இல் சர்வாதிகாரி பதவி வேண்டாம் என்றார். சீசரின் தத்துமகனாகப் பாட்ரீசியராகிவிட்டதால் டிரிபியூன் ஆக முடியாது. கி.மு. 23-இல் கான்சல் பதவியை விட்டுவிட்டு டிரிபியூனின் அதிகாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். தன்னை முதற்குடிமகன் என்றே அழைத்துக்கொண்டார். படை அவர் கையில், எகிப்து அவர் கையில், செனட்டும் கான்சல்களும் அப்படியே இருந்தார்கள். ஒரு மனிதரிடம் அத்தனையும் வந்து சேர்ந்த பிறகும், நம் ஊர் மண்ணில் கிடைத்த அந்தக் காசில் 'அரசன்' என்ற சொல் மட்டும் இல்லை என்று எழுதி முடித்தேன். மணி அடிக்க நான்கு நிமிடம் இருந்தது. மதிப்பெண் 58 வந்தது.