விழித்திரை கேமராவில் வெள்ளைத் திட்டு: அழுக்கைத் தேடிப் போனது

பெங்களூரு அல்சூரில் மூக்குக்கண்ணாடிக்கடை வைத்திருக்கும் அண்ணனிடம் ஒரு பழைய விழித்திரை கேமரா, அதாவது கண்ணுக்குள் பின்சுவரில் இருக்கும் விழித்திரையைப் படம் எடுக்கும் கருவி, இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, கண்மணியை (கண்ணின் நடுவில் வெளிச்சம் உள்ளே போகும் துளை) விரிக்கும் சொட்டு மருந்து போடாமலே படம் எடுக்கும் மேஜை மாடல். சில மாதங்களாகப் படங்களில் ஒரு வெள்ளைத் திட்டு. ஒரே ஒருவரின் படத்தை மட்டும் பார்க்கும் டாக்டருக்கு அது தூசியா நோயா என்று தெரியாது, ஏனென்றால் சர்க்கரை நோய்க்காரர்களின் விழித்திரையில் பஞ்சு ஒட்டிய மாதிரி மங்கலான வெள்ளைத் திட்டுகள் உண்மையிலேயே வரும், லென்ஸ் தூசியும் கிட்டத்தட்ட அதே மங்கலோடுதான் படத்தில் விழும். "எந்நேரமும் லென்ஸ நோண்டிக்கிட்டு இருக்கியே தம்பி, இதக் கொஞ்சம் பாரேன்" என்றார் அண்ணன். எனக்குக் கண் மருத்துவம் தெரியாது, ஒளியியல்தான் பொழுதுபோக்கு. அதனால் கண்ணைத் தொடாமல் கேமராவை மட்டும் பார்ப்பது என்று முடிவு.

முதல் வேலை, மனிதக் கண்ணுக்குப் பதிலாக ஒரு பொம்மைக் கண். சோதனைக்காக ஒருவரை உட்காரவைத்து ஃபிளாஷ் அடித்துக்கொண்டே இருப்பது பாவம், தவிர ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் கண்மணி சுருங்கிவிடும், மறுபடி விரிய இருட்டில் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். டேபிள் டென்னிஸ் பந்து 40 மி.மீ. விட்டம். அதில் ஒரு பக்கம் ஓட்டை போட்டு, 40 மி.மீ. குவியத் தூரமுள்ள குவிலென்ஸை ஒட்டினால் பந்தின் பின்சுவர் ஏறக்குறைய சரியாகக் குவியத்தில் வந்து நிற்கும். பின்சுவரில் ஆரஞ்சு பெயின்ட், அதன்மேல் ரத்த நாளங்களுக்குப் பதில் மெல்லிய பேனாக் கோடுகள். லென்ஸுக்கு முன்னால் கறுப்புத் தாளில் ஓட்டை போட்டுக் கண்மணி. இப்படிப்பட்ட கேமராக்கள் பொதுவாகக் குறைந்தது 4 மி.மீ. கண்மணி கேட்கும், ஆபீஸ் பஞ்ச் போடும் ஓட்டையோ அதைவிடப் பெரியது. தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் பெல்ட்டுக்கு ஓட்டை போடும் கருவியில் பல அளவுகள் இருந்தன, அவரிடமே போட்டு வாங்கிக்கொண்டேன்.

பந்தைப் படம் எடுத்தேன், திட்டு இருந்தது. பந்தைக் கொஞ்சம் திருப்பி எடுத்தேன். பேனாக் கோடுகள் நகர்ந்தன, திட்டு நகரவில்லை. ஆக அது கண்ணில் இல்லை, கேமராவில்தான். சரி, கேமராவில் எங்கே? அறையை இருட்டாக்கி, கேமரா தானாகவே படம் எடுக்கும் ஆட்டோ ஷூட்டிங்கை அணைத்துவிட்டு, லென்ஸுக்கு முன்னால் தள்ளிக் கறுப்பு வெல்வெட் துணியைத் தொங்கவிட்டு ஃபிளாஷ் அடித்தால் படம் முழுக்கக் கறுப்பாக வர வேண்டும். வந்தது, நடுவே அந்தத் திட்டு மட்டும் வெள்ளையாக, அதைச் சுற்றிப் பொடிப்பொடியாக இன்னும் சில. இது முன் லென்ஸ் அழுக்குதான் என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இந்த கேமராக்களில் வெளிச்சம் கண்ணுக்குள் போவதும் படம் திரும்பி வருவதும் அதே முன் லென்ஸ் வழியாகத்தான், அதனால் அதில் ஒட்டியிருக்கும் தூசி ஃபிளாஷில் ஒளிர்ந்து நேராகப் படத்தைப் பதிவுசெய்யும் சென்சாருக்குத் திரும்பிவிடுகிறது. சென்சார் மேலேயே தூசி இருந்தால் கதை தலைகீழ்: கறுப்புப் படத்தில் ஒன்றும் தெரியாது, வெளிச்சமான படத்தில் சின்னக் கறுப்புப் புள்ளியாகத் தெரியும்.

டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்ததில் காய்ந்த துளி ஒன்று தெரிந்தது. யாரோ பேசும்போது தெறித்த எச்சிலாக இருக்கலாம், முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கும் லென்ஸ் இது. முதலில் ரப்பர் புளோயரால் காற்று, பிறகு மென்மையான பிரஷ், கடைசியில்தான் லென்ஸ் பேப்பரில் ஒரு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு நடுவிலிருந்து வெளியே சுழற்றித் துடைப்பது. ஒவ்வொரு துடைப்புக்கும் புதுப் பேப்பர். கடையில் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியைப் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவைத்தேன், அதில் ஏற்கெனவே பத்துப் பேருடைய எண்ணெய்ப்பிசுக்கு இருக்கும். துடைத்தபின் வெல்வெட் படம் நடுவில் ஒரு சாம்பல் வட்டத்தைத் தவிர வெறும் கறுப்பு.

அப்புறம் பந்து கையில் இருக்கும்போதே மற்றதையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. கண்மணித் தாளை ஒரு பக்கம் நகர்த்தினால் படத்தில் ஒரு பக்கம் பிறை மாதிரி இருட்டு. கேமராவைச் சில மில்லிமீட்டர் பின்னால் இழுத்தால் ஓரமெல்லாம் வெளுத்த மூட்டம். இவை பழுதே இல்லை, தூரமும் நேர்கோடும் தவறியதன் விளைவு. வெளிச்சம் கண்மணியின் ஓரத்தில் வளையமாக விழ, படம் அதன் நடுவழியாக வெளியே வர வேண்டும் என்பதுதான் இந்த கேமராக்களின் அடிப்படை ஏற்பாடு. 1911-ல் நோபல் பரிசு வாங்கிய ஸ்வீடன் கண் மருத்துவர் குல்ஸ்ட்ராண்ட் வகுத்த வழி அது. வளையம் இடம் மாறினால் கருவிழியில் (கார்னியா) பட்டுச் சிதறும் ஒளியும் படத்தில் கலந்துவிடும்.

படம் சாஃப்ட்டாக இருக்கிறது என்ற புகார் வேறு. லைவ் திரையில் கோடுகள் கூர்மையாக இருந்தன, சேமித்த ஃபைலில்தான் மெல்லிய கோடுகள் கரைந்துபோயிருந்தன. கம்ப்யூட்டர் மென்பொருளில் படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் தரம் மிகக் கீழே வைக்கப்பட்டிருந்தது, ஹார்ட் டிஸ்க் இடத்தை மிச்சப்படுத்த யாரோ வைத்திருக்க வேண்டும். மேலே ஏற்றியதும் தெளிந்தது. கலர் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்களாகப் பதிவாகும், விழித்திரைப் படத்தில் சிவப்பு சேனல் சீக்கிரம் எரிந்துபோகும் (வெளிச்சம் மிஞ்சி விவரம் மறைந்துவிடும்), நாளங்கள் நன்றாகத் தெரிவது பச்சை சேனலில்தான், அதனால் இனி கூர்மையைப் பச்சையைத் தனியாகப் பிரித்துத்தான் பார்க்கப்போகிறேன்.

மிச்சம் இருப்பது அந்தச் சாம்பல் வட்டம். முன் லென்ஸின் பரப்புகளிலிருந்தே வரும் எதிரொளியைத் தடுக்க உள்ளே ஒரு கண்ணாடித் தகட்டில் கறுப்புப் புள்ளி வைத்திருப்பார்கள், அது கொஞ்சம் நகர்ந்திருக்கும் என்பது என் சந்தேகம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபிளாஷ் கெப்பாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும், அதனால் நான் மூடியைத் திறக்கவில்லை. துடைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த வெல்வெட் படங்களை அண்ணன் சர்வீஸ்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார், அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.