விரித்து வைத்த விரல்கள்

கவிதை முடியும்வரை அவர் தம் இரு கைகளையும் கீழே இறக்கவே இல்லை.

இன்று காலை கைப்பேசியில் பார்த்த காணொளி அது. அமெரிக்கக் கறுப்பினப் பெண் கவிஞர் ஒருவர், கையில் தாளின்றி, துணைக்கு இசையுமின்றி ஒலிவாங்கியின் முன் நின்று, முதன்முறையாகத் தனியே கார் ஓட்டிச் செல்லவிருக்கும் மகனுக்குத் தாய் சொல்லும் அறிவுரைகளைக் கவிதையாகப் பேசினார். காவலர் நிறுத்தினால் கைகளை ஸ்டியரிங்கின் மீதே வைக்க வேண்டும். விரல்களை விரித்து வைக்க வேண்டும். உரிமத்தை எடுக்கும் முன்பே, எடுக்கப்போவதாகச் சொல்லிவிட வேண்டும்; துப்பாக்கியை எடுப்பதாக எண்ணி, கறுப்பின இளைஞன் மீது காவலர் சுட்டுவிடக் கூடாதே.

விரிந்திருந்த அந்த விரல்கள் மெல்ல நடுங்கத் தொடங்கியதும் நான் காணொளியை நிறுத்திவிட்டேன்.

அச்சில் படித்திருந்தால் சொற்கள் மட்டுமே கிடைத்திருக்கும், அந்த நடுக்கம் கிடைத்திருக்காது. நிகழ்த்துகவிதையில் உடலும் ஒரு வரிதான் என்பதை இன்றுதான் உணர்ந்தேன்.

மகனுக்காக அஞ்சும் அந்தத் தாய் எனக்கு இன்னொரு தாயை நினைவூட்டினார். 1955-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் கடத்திக் கொல்லப்பட்டபோது, சிதைந்துபோன மகனின் முகத்தை உலகம் பார்க்கட்டும் என்று, அவனுடைய தாய் மேமி டில் சிகாகோவில் சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் செய்தார். குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் வெள்ளையர் மட்டுமே அமர்ந்திருந்த நடுவர் குழு விடுவித்தது. கும்பல் கொலைக்கு எதிராக அச்சிறுவனின் பெயரில் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வருவதற்கு 2022 ஆகிவிட்டது. 67 ஆண்டுகள்!

மீண்டும் காணொளியை ஓடவிட்டேன். அரங்கம் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தபோதும், அவருடைய கைகள் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தன.