கல்லூரிக் கட்டணத்துக்கு ஆர்மி வழி: மகளோடு நாங்கள் கற்றது

அமெரிக்காவில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வழி தேடி விழித்துக்கொண்டிருந்தபோது, "ஆர்மி ஆர்.ஓ.டி.சி. ஸ்காலர்ஷிப்புக்குப் போடட்டுமா அப்பா?" என்றாள். என் மனைவி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

கல்லூரியில் படித்துக்கொண்டே அதிகாரிப் பயிற்சி பெறுவதுதான் ஆர்.ஓ.டி.சி. நான்காண்டு உதவித்தொகை கிடைத்தால் படிப்புக் கட்டணத்தை ராணுவமே கட்டிவிடும். அல்லது அதற்குப் பதிலாக விடுதி, சாப்பாட்டுச் செலவைக் கேட்டு வாங்கலாம். புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,200 டாலர், கல்லூரி நடக்கும் மாதங்களில் கைச்செலவுக்கு மாதம் 420 டாலர். அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம், க்ரீன் கார்டு போதாது. மகள் இங்கே பிறந்தவள், தப்பித்தோம்.

11ஆம் வகுப்பு முடிந்த கோடையிலேயே விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்டாள். தேர்வுக் குழு பல சுற்றாகக் கூடும் என்பதால் இதில் முந்துவதே நல்லது. மதிப்பெண்ணோடு உடல்தகுதியும் பார்ப்பார்கள்: ஒரு நிமிடம் புஷ்-அப், ஒரு நிமிடம் கர்ல்-அப் (மல்லாந்து படுத்து உடம்பைத் தூக்குவது), ஒரு மைல் ஓட்டம். கூடத்துக் கம்பளத்தில் அவள் புஷ்-அப் எடுக்க, பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியது பேசாமலிருந்த அதே அம்மாதான். "கை முழுசா மடங்கலை, இது கணக்கில்லை" என்று கறாராக வேறு!

நேர்காணல் செய்தவர் ஒரு லெப்டினன்ட் கர்னல். "உதவித்தொகை கிடைக்காவிட்டாலும் பயிற்சிக்கு வருவாயா?" என்று கேட்டாராம். "முதல் வருடம் வந்து பார்ப்பேன். பிடித்தால் இருப்பேன்" என்றிருக்கிறாள். கேட்டதும் எனக்குப் பகீர் என்றது. ஆனால் உதவித்தொகை இல்லாமலும் முதல் இரண்டு ஆண்டு வகுப்புகளில் எந்தக் கடமையும் இன்றிச் சேரலாம். அதைத் தெரிந்துவைத்துத்தான் சொன்னாள். தேசப்பற்று வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு போவதைவிட இது எவ்வளவோ மேல்.

தேர்வான செய்தி வந்தது. அப்புறம்தான் வினை. மருத்துவத் தகுதி கிடைக்கும்வரை அந்தப் பணம் உறுதியில்லை. 14 வயதில் விடாத இருமலுக்கு ஒரு மருத்துவர் எதற்கும் இருக்கட்டும் என்று இன்ஹேலர் எழுதிக்கொடுத்து, கோப்பில் 'ஆஸ்துமா' என்றும் குறித்திருந்தார். 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா என்றால் தகுதியிழப்பு. மூச்சுப் பரிசோதனை, பழைய மருந்துச் சீட்டுகள், நுரையீரல் மருத்துவரின் கடிதம் என்று அலைந்து, விதிவிலக்கு கிடைப்பதற்குள் வசந்தகாலமே ஓடிவிட்டது. பிள்ளைக்கு இந்த எண்ணம் இருந்தால் மருத்துவக் கோப்பை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிடுங்கள். ஆனால் உள்ளதை மறைக்க மட்டும் நினைக்காதீர்கள். பிறகு தெரிந்தால் இன்னும் சிக்கல்.

நான்காண்டு உதவித்தொகையில் முதல் ஆண்டு முடிவதற்குள் விலகினால் கடன் இல்லை. இரண்டாம் ஆண்டில் கால் வைத்துவிட்டு விலகினால் ராணுவம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், சிப்பாயாகச் சேரவும் சொல்லலாம். பட்டம் பெற்றபின் மொத்தக் கடமை 8 ஆண்டு. முழுநேரப் பணி என்றால் பொதுவாக 4 ஆண்டு, மீதி ரிசர்வ் என்னும் துணைப்படையில்.

முதல் ஆண்டு முழுக்க விடியற்காலைப் பயிற்சிக்கு எழுந்து ஓடியவள், அந்தக் கோடையில் ஒப்பந்தத்தை மேசைமேல் வைத்தாள். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். 8 என்ற எண்ணுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு, மகளிடம் திருப்பி நீட்டினாள்.