இன்னும் ரெண்டு பஸ் வேணாம், இருக்கிறது ஒழுங்கா வரட்டும்

கிராமத்து பஸ் பத்தி பேச்சு வந்தாலே எல்லாரும் கேக்கறது இன்னும் ரெண்டு ட்ரிப் விடுங்கங்கறதுதான். நான் அதுக்கு எதிரி இல்ல, ஆனா இருக்கிற பஸ்ஸே சொன்ன நேரத்துக்கு வராத ரூட்ல இன்னும் ரெண்டு ட்ரிப் சேர்த்தா டைம்டேபிள்ல இன்னும் ரெண்டு பொய் சேரும், அவ்ளோதான்.

டவுன்ல பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ், ஒண்ணு கட்டானா, அதாவது அந்த ட்ரிப்பே ஓடாம போனா, பத்து நிமிஷம் கூட நின்னு திட்டிட்டு அடுத்ததுல ஏறிடுவோம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு இருக்கிற ஊர்ல அதே ஒரு கட் ரெண்டு மணி நேரத்த முழுங்கிடும், கடைசி ட்ரிப்பா இருந்தா அன்னிக்கு வீடு போய் சேர்றதே சந்தேகம். ஆனா ரிப்போர்ட்ல ரெண்டும் ஒண்ணுதான். ஒரு டிப்போல நாளைக்கு 50 ட்ரிப், 49 ஓடிடுச்சுன்னா 98 சதவீதம், கேக்க நல்லாதான் இருக்கு. ஓடாத அந்த ஒண்ணு தினமும் அதே ஊரோட கடைசி பஸ்ஸா இருந்தா அந்த ஊர்க்காரங்க இந்த 98ஐ வச்சு என்ன பண்றது?

கடைசி ட்ரிப்பே ஏன் மாட்டுது? டிரைவர் மேல பழிய போட்டுட்டு போயிடலாம், ஈஸி. கணக்கு பாத்தா கதை வேற. காலையிலேர்ந்து ஒரே வண்டிதான் போய்ட்டு வந்துட்டு இருக்கும், ஒரு சிங்கிளுக்கு (ஒரு பக்கம் போறதுக்கு) நிஜமா 50 நிமிஷம் ஆகுது, டைம்டேபிள்ல 45ன்னு போட்டிருக்கும் (எந்தக் காலத்து ரோட்ட வச்சு போட்டாங்களோ), நடுவுல மூச்சு விட டைமே கிடையாது, சோ ஒவ்வொரு சிங்கிளுக்கும் அஞ்சு நிமிஷம் கடன் ஏறிட்டே போகும், ஆறு சிங்கிள் முடியறப்போ அரை மணி நேரம் லேட், டிரைவர் கண்டக்டருக்கு சாப்பிடற நேரம் போச்சு, டூட்டி முடியற நேரமும் வந்தாச்சு, அப்போ எத வெட்டுவாங்க? அந்த பஸ் நைட் ஹால்ட், அதாவது ராத்திரி கிராமத்துலயே தங்கற வண்டியா இருந்தா இன்னும் மோசம், ராத்திரி ஊருக்கு வராத பஸ் காலையில அங்கேர்ந்து எப்படி கிளம்பும், முதல் ட்ரிப்பும் சேர்ந்து காலி.

அதனால ரெண்டு முனையிலயும் பத்து பத்து நிமிஷம் நிறுத்தம் குடுங்க, பஸ் ஓடற டைமையும் இப்போ இருக்கிற ரோட்டுக்கு ஏத்த மாதிரி மாத்துங்க. நாளைக்கு ஒரு ட்ரிப் குறையும்தான், குறையட்டும். பேப்பர்ல எட்டு இருந்து ஆறு வர்றத விட ஏழு போட்டு ஏழும் வர்றது மேல்.

லேட்ட விட மோசம் முன்னாடியே கிளம்பிடறது, இத யாரும் பெருசா பேசறதே இல்ல. பத்து நிமிஷம் லேட்டானா நமக்கு நஷ்டம் பத்து நிமிஷம், ரெண்டு நிமிஷம் முன்னாடி போயிட்டா அடுத்த பஸ் வரைக்கும் நிக்கணும். இங்கிலாந்துல லோக்கல் பஸ்ஸுக்கு இருக்கிற கணக்கு இதனால எனக்குப் புடிக்கும், ஒரு நிமிஷத்துக்கு மேல முன்னாடி போகக் கூடாது, லேட்டுன்னா அஞ்சு நிமிஷம் வரைக்கும் ஓகே, இதுக்குள்ள 95 சதவீதம் இருக்கணும்னு டார்கெட். அங்க எல்லா பஸ்ஸும் அப்படித்தான் ஓடுதுன்னு சொல்ல வரல, ஆனா முன்னாடி போறது பெரிய தப்புன்னு ரூல்லயே இருக்கு பாருங்க. நிறைய டைம்டேபிள்ல கிளம்பற இடம், சேர்ற இடம் ரெண்டுக்கு மட்டும்தான் டைம் இருக்கும், நடு ஸ்டாப்ல நிக்கறவங்க குத்துமதிப்பா வந்து நிக்கணும். நடுவுல ரெண்டு மூணு ஸ்டாப்புக்காவது டைம் எழுதி, சீக்கிரம் வந்துட்டா அங்க நின்னு கிளம்பணும்னு வச்சாலே பாதி பிரச்சனை தீரும்.

ஸ்விட்சர்லாந்துல 1982ல நாடு முழுக்க ஒரு டைம்டேபிள் கொண்டு வந்தாங்க, ட்ரெயின் மணிக்கு மணி அதே நிமிஷத்துல வரும், மலைக் கிராமத்துக்குப் போற மஞ்சள் போஸ்ட் பஸ்ஸும் அதுக்கு ஏத்த மாதிரி ஸ்டேஷன்ல நிக்கும். அவங்க கிட்ட காசு இருக்கு சரி, ஆனா 7.10, 8.10, 9.10ன்னு ஒரே நிமிஷத்துல பஸ் கிளம்பறதுக்கு என்ன பெரிய காசு வேணும்?

ஆப் பத்தி கேப்பீங்க. ஜிபிஎஸ் நல்லது, பஸ் எங்க இருக்குன்னு தெரியும், ஆனா வண்டி டிப்போலயே நிக்குதுன்னா ஆப்பும் அதத்தான் காட்டும். போன் பண்ணி புக் பண்ற பஸ்ஸும் வீடுங்க ரொம்ப தள்ளித் தள்ளி இருக்கிற ஏரியாவுக்கு சரி, மத்தபடி இடம் இல்லன்னு சொல்லிட்டா அதுவும் ஒரு கட்தானே.

ஜெர்மனியில நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்துல ஒரு ஏற்பாடு இருக்கு, நீங்க ஏறற ஸ்டாப்ல பஸ் 20 நிமிஷமோ அதுக்கு மேலயோ லேட்டாகும்னா டாக்ஸி புடிச்சுப் போகலாம், ஒரு வரம்பு வரைக்கும் காசு திரும்பக் கிடைக்கும். டாக்ஸியே இல்லாத ஊருக்கு இது அப்படியே செட் ஆகாது, அங்க கடைசி ட்ரிப்புக்கு மட்டும் பக்கத்துல வண்டி வச்சிருக்கிற ஒருத்தர் கிட்ட முன்னாடியே பேசி வச்சு, பஸ் கட்டானா அவர் கூட்டிட்டுப் போய் விடணும், பில்ல டிப்போ கட்டணும்னு வைக்கலாம். அந்த பில் மாசா மாசம் மேனேஜர் டேபிளுக்கு வந்தா, கடைசி ட்ரிப் ஏன் வெட்டுனீங்கன்னு ஒருத்தராவது கேப்பாங்க.