எங்க ஊரு கணக்குல ஏறாத மூணு பேரு

எங்க ஊரு கன்னியாகுமரி மாவட்டத்துல கல்குளம் பக்கம். ஏலான்னு சொல்ற வயக்காடு, குளம், தென்னந்தோப்பு, மேட்டுல ரப்பர்னு கெடக்குற ஊருதான், ஆனா பேரூராட்சிங்கிறதால சென்சஸ்ல நாங்க நகரத்துக்காரங்க. நம்ம மாவட்டத்துல இப்படி ஐம்பதுக்கும் மேல பேரூராட்சி இருந்துச்சு, அதனாலதான் 2011 கணக்குல குமரியில 82 சதவீதம் பேரு நகரத்துல இருக்கதா வருது. வெளியூர்க்காரங்க அதப் படிச்சா என்ன நெனப்பாங்க? வந்து பாத்தா திருநெல்வேலி பக்கம் மாதிரி தெருகூட கெடையாது, விளைன்னு சொல்ற தோட்டத்துக்கு ஒரு வீடு, நடுவுல வாழையும் பலாவும்.

அதே கணக்குப்படி மாவட்டத்துல இந்து 48.65, கிறிஸ்தவர் 46.85, முஸ்லிம் 4.2 சதவீதம். எங்க ஊர்ல ஒரே வளைவுல முத்தாரம்மன் கோயில், சி.எஸ்.ஐ சர்ச், சிலுவை வச்ச சின்ன குருசடி, அதுக்குக் கீழ அய்யா வைகுண்டர கும்பிடுற அய்யாவழிக்காரங்களோட வழிபாட்டு எடமான நிழல்தாங்கல். கோயில் கொடைத் திருவிழாவுக்கு சர்ச்காரங்க வீட்லயும் விருந்தாளி வருவாங்க, சர்ச் விருந்தான அசனச் சோறு எங்க வீட்டுக்கும் வாளியில வரும். அதுக்காக எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லமாட்டேன், கல்யாணம்னு வந்தா சாதி பாக்காத வீடு ரொம்பக் கொறச்சல், 1982ல இந்துக்களுக்கும் கிறிஸ்தவங்களுக்கும் நடுவுல நடந்த மண்டைக்காடு கலவரத்தப் பத்தி அம்மா இப்பவும் குரல தாழ்த்திதான் பேசுவாங்க.

அம்மா டீச்சர். 2011 பிப்ரவரியில சென்சஸ் கணக்கெடுக்கப் போனாங்க, பேப்பர் கட்டத் தூக்கிட்டு நானும் கூடப் போனேன். அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரி ஃபேக்டரிக்கு, போய்ப் போய் வெரலெல்லாம் கருத்துப்போன ஒரு பாட்டி, திண்ணையில இருந்துட்டு "ஏழு பேரு எழுது மக்ளே"ன்னு சொன்னாங்க. வீட்ல இருந்தது நாலு பேரு, பாட்டி, ரெண்டு மருமக்கமாரு, ஒரு பேத்தி. மூணு பசங்களும் கல்ஃப்ல. கணக்கெடுக்குற நாள் முழுக்க ஊர்ல இல்லாதவங்கள எழுதக்கூடாதுன்னு அம்மா எடுத்துச் சொல்லியும் பாட்டி விடல. "எனக்க பிள்ளையள் அங்க கெடந்து கஷ்டப்படுகானுவ, அவனுவள எழுதாம இது என்ன கணக்கு?"

அம்மா பதில் சொல்லாம பேனாவ மூடி வச்சுட்டு அவங்க குடுத்த கட்டஞ்சாயாவ குடிச்சாங்க. அப்புறம் நாலுன்னுதான் எழுதினாங்க.

குமரியில ஆயிரம் ஆம்பளைக்கு 1019 பொம்பளைங்கன்னு அந்தக் கணக்கு வந்தப்போ எல்லாரும் பெருமையா ஷேர் பண்ணாங்க. பெருமைதான், பொண்ணுங்கள நல்லா படிக்க வச்ச மாவட்டம், படிப்பறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டுலயே முதலிடம். ஆனா எனக்கு அந்த 1019ல பாட்டி வீட்டு மூணு பசங்க இல்லாத எடம்தான் தெரியும். படிச்ச படிப்புக்கு ஊர்ல வேல இல்ல, ரப்பர் வெலையையும் நம்ப முடியல, வேற எங்க போவாங்க?

அடுத்த கணக்கெடுப்பு 2027னு அரசாங்கம் அறிவிச்சிருக்கு, இந்தத் தடவ சாதியும் கேப்பாங்க. பாட்டி இப்ப இல்ல, மருமக்கமாரும் பிள்ளைங்களோட போயாச்சு, வாசல்ல பூட்டு தொங்குது. அவங்க ரப்பர் விளையில இப்ப பால் வெட்டுறது ஜார்கண்ட்ல இருந்து வந்த மூணு பசங்க, ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட்லயே தங்கியிருக்காங்க, கடையில "அண்ணா, பால் இருக்கா"ன்னு கேக்குற அளவுக்குத் தமிழ் வந்துடுச்சு. அவங்க அம்மாவும் அங்க யார்கிட்டயாவது இவங்கள எழுதச் சொல்லி நிப்பாங்க.