ஒரு வீடு, ஐந்து எண்கள்

எங்கள் வீட்டுக் கதவில் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று என இரண்டு எண்கள் இருக்கின்றன. சென்னைவாசிகளுக்கு இதில் வியப்பில்லை. சொத்துவரி ரசீதில் மாநகராட்சியின் எண், பட்டாவில் வருவாய்த் துறையின் சர்வே எண், மின்கட்டண அட்டையில் மின்வாரியத்தின் இணைப்பு எண் ஆகியவற்றையும் சேர்த்தால் ஐந்தாகிவிடும். ஓர் அலுவலகத்தின் எண்ணை அடுத்த அலுவலகத்தில் சொன்னால், அந்த வீட்டையே அவர்கள் கேள்விப்பட்டிராதது போல் பார்ப்பார்கள். நகரத் திட்டமிடலில் நவீனத் தொழில்நுட்பம் ஏன் ஒரு நகரத்தோடு நின்றுவிடுகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்த எண்கள்தான் நினைவுக்கு வரும்.

2015 ஜூன் 25 அன்று தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 100 நகரங்கள் இடம்பெற்றன; அவற்றில் 11 தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. மத்திய அரசின் பங்காக 48,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. அந்தப் பணம் மாமன்றத்தின் கைக்குப் போகாமல், மாநில அரசும் உள்ளாட்சி அமைப்பும் சரிபாதிப் பங்கு வைத்திருக்கும் தனி நிறுவனம் ஒன்றை ஒவ்வொரு நகரத்திலும் தொடங்கி, அதன் வழியாகச் செலவிடப்பட்டது. வேலை விரைவாக நடக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. நகரின் நிலவரத்தை ஒரே இடத்திலிருந்து திரைகளில் கண்காணிக்கும் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையங்கள் 100 நகரங்களிலும் எழுந்தன என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் கட்டுப்பாட்டு மையத்தின் திரையில் வெள்ளம் ஏறுவதைப் பார்ப்பவர் என்ன செய்ய முடியும்? சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது, அடையாறும் கூவமும் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளவை, மழை முன்னறிவிப்பைத் தருவது மத்திய அரசின் வானிலை ஆய்வு மையம், எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று முழுமைத் திட்டம் வரைவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், உள்ளாட்சிகளுக்குத் தரத்தக்க 18 பணிகளின் பட்டியலில் நகரத் திட்டமிடலை முதலாவதாக வைத்தது. தருவதா வேண்டாமா என்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

தொழில்நுட்பத்தை எல்லா ஊர்களுக்கும் கொண்டுசெல்லும் விஷயத்தில் கேரளத்தின் வழியே எனக்குச் சரியாகப் படுகிறது. பிறப்புப் பதிவு, சொத்துவரி, கட்டட அனுமதி எல்லாவற்றுக்கும் பொதுவான கே-ஸ்மார்ட் என்ற மென்பொருளை மாநிலமே உருவாக்கி, 2024 ஜனவரி 1 அன்று 6 மாநகராட்சிகளிலும் 87 நகராட்சிகளிலும் ஒரே நாளில் நடைமுறைப்படுத்தி, பிறகு ஊராட்சிகளுக்கும் கொண்டுசென்றது. நிரலாளர் ஒருவருக்குச் சம்பளம் தரக்கூட வழியில்லாத சிறிய நகராட்சிக்கும் பெரிய மாநகராட்சிக்குக் கிடைக்கும் அதே கருவி கிடைக்கிறது.

நகர்ப்புற நிலங்களை வானிலிருந்து அளக்கும் நக்ஷா திட்டத்தை 2025 பிப்ரவரியில் மத்திய அரசு 152 நகரங்களில் தொடங்கியிருக்கிறது. நகர நிலத்தை அளக்கும் இந்த வேலை ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் கீழ் நடக்கிறது என்பதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. விமானப் படத்தில் மதில் தெரியும், அது யாருடைய மதில் என்பது தெரியாது. அதை வீடு வீடாகச் சென்று சரிபார்க்க மாநில நில அளவையாளரும் உள்ளாட்சி ஊழியரும்தான் வர வேண்டும். மனைகளுக்கு 14 இலக்க அடையாள எண் தரும் ஏற்பாடும் நாட்டில் நடந்துவருகிறது. எங்கள் வீட்டுக்கு அது வரும்போது, வரி ரசீதிலும் பட்டாவிலும் மின்கட்டண அட்டையிலும் அதே எண் அச்சாகாவிட்டால், கணக்கு ஆறாகும், அவ்வளவுதான்.